மரபணுவுக்கும் உண்டு ஒரு கங்காணி!

உடும்பஞ்சோலை வட்டாரத்து ஏலத்தோட்டங்களில் காலை வேலை எப்படித் தொடங்கும் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஜீப்புகளில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். எவ்வளவு கைதேர்ந்தவர்களானாலும், எந்தப் பகுதியில் காய் எடுப்பது, எங்கே களை எடுப்பது என்று கங்காணி காட்டிய பிறகே வேலை நடக்கும். நம் உடலின் உயிரணுக்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்!

கண்ணிலுள்ள உயிரணுவிலும் கல்லீரலிலுள்ள உயிரணுவிலும் இருப்பவை ஒரே மரபணுக்களே. புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. அவற்றில் எதைப் படிப்பது, எதை மூடி வைப்பது என்பதில்தான் வேறுபாடு. மரபணுவைப் படித்து நகலெடுப்பது 'ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்' என்னும் நொதி. ஆனால் எங்கே தொடங்குவது என்பது அதற்குத் தானாகத் தெரியாது. பல புரதங்கள் கூட்டாகச் சேர்ந்துதான் அதைச் சரியான இடத்தில் நிறுத்துகின்றன. 'மீடியேட்டர்' என்ற கூட்டம், தொலைவிலிருந்து வரும் உத்தரவை அதற்கு எடுத்துச் சொல்கிறது. நகலெடுக்கும் முறையை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி ரோஜர் கோர்ன்பெர்க் 2006-ல் நோபல் பரிசு பெற்றார்.

மலைமக்களின் துயரம்

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1952-ல் நீலகிரி மலைமக்களிடம் அரிவாள் வடிவ ரத்த அணுக்கள் இருப்பது கண்டறியப்பட்டது. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியிலும் வயநாட்டிலும் இந்நோய் உண்டு. ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், வட்டமான சிவப்பணு அரிவாள்போல் வளைந்து ரத்தக்குழாயை அடைக்கிறது. தாங்க முடியாத வலியும் சோகையும் வாட்டுகின்றன.

கருவிலிருக்கும் குழந்தைக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. அதில் இந்தக் குறை இல்லை. பிறந்த சில மாதங்களில் அதன் மரபணு பெரும்பாலும் மூடப்பட்டுவிடுகிறது. மூடுவது யார்? 'பி.சி.எல்.11ஏ' என்ற புரதமே முக்கியக் காரணம் என்று 2008-ல் பாஸ்டன் நகரில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் காட்டினர். அது தனியாக வேலை செய்வதில்லை. 'நூர்ட்' என்ற புரதக் கூட்டத்தைத் துணைக்கு அழைத்து, டி.என்.ஏ. சுருளை இறுக்கி, படிக்கவிடாமல் செய்கிறது.

பூட்டைத் திறந்தால்?

ரத்தம் உண்டாக்கும் மூல உயிரணுக்களில் அந்தக் கங்காணியின் வாயை அடைத்தால், குழந்தைப் பருவ ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கும். இந்த முறையிலான சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்! அட்டப்பாடி ஊரில் வலியால் துடிக்கும் பிள்ளைக்கு அது எட்டாக்கனியே. அதே ஹீமோகுளோபினை ஓரளவு கூட்டித் தரும் 'ஹைட்ராக்சியூரியா' மாத்திரைதான் இன்று ஏழைக்குக் கைகொடுக்கிறது.

இந்நோயை 2047-க்குள் ஒழிக்கும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கியது. தாய், தந்தை இருவரிடமும் இக்குறை மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே, நோயுள்ள பகுதிகளில் ஜாதகம் பார்ப்பதற்கு முன் ரத்தத்தைப் பார்ப்பது நல்லது.

விஞ்ஞானம் பூட்டைத் திறந்துவிட்டது. சாவி ஏழையின் கைக்கும் வர வேண்டும்.