இணையப் பொதுவில் தமிழ் நூல்கள்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924ஆம் ஆண்டு முதல் 1936ஆம் ஆண்டு வரையில் ஆறு பெருந்தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை நேயர்கள் பலர் அறிந்திருப்பார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களையுடைய அவ்வகராதியைப் போபாலிலோ கான்பூரிலோ குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் விலைக்கு வாங்குவது அரிது. வாங்கினாலும், மாற்றல் உத்தரவு வருந்தோறும் பெட்டியில் அடைத்து உடன் கொண்டு செல்வது அதனினும் அரிது. இன்றோ, சிகாகோ பல்கலைக்கழகத்தார் அதனைக் கட்டணமின்றி எவரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அது நாள்தோறும் கைகொடுக்கிறது. ஆயினும் நூல்கள் இணையத்தை அடைவதும், அடைந்தபின் அங்கே நிலைத்திருப்பதும் தாமாக நிகழ்வன அல்ல. அவை எவ்வாறு நிகழ்கின்றன என்பதை இங்கே சிறிது விளக்க முற்படுகிறோம்.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' என்னும் பணி தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரமும், அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ஜுனனும் அதனை நடத்த முன்வந்தார்கள். இருவரும் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் என்பதை நம் நேயர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். புத்தகக் கடைக்கு எட்டாத தொலைவில் இருப்பவனுக்கே புத்தகத்தின் அருமை நன்கு தெரியும் போலும்! அச்சு நூல் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் அதனைத் தம் வீட்டிலிருந்தே கணிப்பொறியில் எழுத்தெழுத்தாகப் பதிவார். வேறொரு நாட்டிலுள்ள மற்றொருவர் பிழை பார்ப்பார். கூலி கிடையாது. ஒவ்வொரு நூலின் முகப்பிலும் பதிந்தவர் பெயரும் பிழை திருத்தியவர் பெயரும் நன்றியோடு குறிக்கப்பெறும். அம்முகப்புக் குறிப்பை நீக்காதவரை, நூலை எவரும் தாராளமாகப் பரப்பலாம் என்ற அனுமதியும் அங்கேயே காணப்படும்.

இப்பணிக்கு நேர்ந்த பெரும் இடையூறு எழுத்தைப் பற்றியது. கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். அக்காலத்து முறையில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே இருந்தன. முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டு, எஞ்சியவற்றில் தமிழ் எழுத்துகளை அமர்த்தினார்கள் சிலர். ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை ஏற்றினார்கள் வேறு சிலர். எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்தமையால், ஒன்றில் ககரமாக இருந்த எண் மற்றொன்றில் லகரமாயிற்று. உரிய எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் திறந்தால், திருக்குறளும் பொருளற்ற குறிகளின் குவியலாகவே தோன்றும். இந்தத் தொல்லை இன்றும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிச் சேமித்த கோப்பைத் திறந்து திகைக்காத மொழிபெயர்ப்பாளர் நம்மில் மிகச் சிலரே.

மதுரைத் திட்டத்து நூல்கள் முதலில் கல்யாணசுந்தரம் தாமே உருவாக்கிய 'மயிலை' போன்ற எழுத்துருக்களில் இருந்தன. பின்னர் உலகெங்கும் உள்ள தமிழர் கூடி வகுத்த 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டுக்கும், அதன்பின் 'யூனிகோடு' என்னும் உலகப் பொது ஒழுங்குக்கும் அவை மாற்றப்பெற்றன. யூனிகோடில் ககரத்தின் எண் 2965. திருச்சியிலும் அதுவே, டோக்கியோவிலும் அதுவே. அவ்வொழுங்கு ஒரு தனி வாணிக நிறுவனத்தின் இரகசியம் அன்று. எவரும் படித்தறிந்து கையாளும்படி வெளியிடப்பெற்றது. நூல்களை இருமுறை மாற்றி எழுத முடிந்ததற்கும் காரணம் உண்டு: கோப்புகள் எவர் பூட்டிலும் சிக்காமல் இருந்தன; மாற்றும் வழியும் பலர் அறிந்ததாக இருந்தது.

இங்கே ஒரு வேற்றுமையை உணர்தல் அவசியம். இலவசம் என்பது வேறு. கட்டற்றது என்பது வேறு. அமெரிக்காவில் 'ஜியோசிட்டீஸ்' என்றொரு நிறுவனம், விரும்பியவர்க்கெல்லாம் இணையத்தில் இலவசமாக இடம் அளித்துவந்தது. அதனை யாஹூ நிறுவனம் 1999இல் விலைக்கு வாங்கி, 2009இல் அமெரிக்காவில் மூடிவிட்டது. முன்னறிந்து சிலர் படியெடுத்தமையால் ஒரு பகுதி பிழைத்தது, ஏனையது போயிற்று. இடம் கொடுத்தவர் மனம் மாறினாலும் நூல் பிழைத்திருக்க வேண்டுமாயின், படியெடுக்கும் உரிமை படிப்பவரிடம் இருத்தல் வேண்டும்.

இக்கருத்தைச் சட்ட வடிவில் நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். கணிப்பொறி நிரலைப் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் எவருக்கும் உரிமை வேண்டும் என்று கூறி 1983இல் அவர் தம் திட்டத்தை அறிவித்தார். திருத்தியதை வெளியிடுபவரும் அதே உரிமைகளைப் பிறருக்கு வழங்கியாக வேண்டும் என்பது அவர் வகுத்த உரிமத்தின் நுட்பம். நூல், படம் முதலியவற்றுக்கு ஏற்ற 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமங்கள் 2002இல் வெளிவந்தன. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா இத்தகைய உரிமத்தின் கீழ்தான் நடைபெறுகிறது.

பழைய அச்சு நூல்களுக்கு விக்கிமூலம் என்னும் உடன்பிறப்பு உண்டு. அங்கே திரையின் ஒருபுறம் அச்சுப் பக்கத்தின் படமும், மறுபுறம் கணிப்பொறி படித்தறிந்த எழுத்தும் நிற்கும். கணிப்பொறி, காலுக்கும் ரகரத்துக்கும் அடிக்கடி தடுமாறும். ஒருவர் திருத்தியதும் பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் மறுபடியும் ஒப்புநோக்கினால்தான் பச்சையாகும். தாம் திருத்தியதைத் தாமே சரியென்று முத்திரையிட இயலாது. இந்த ஏற்பாட்டை நாம் பெரிதும் மெச்சுகிறோம். அச்சகங்களிற்கூட இத்துணைக் கண்டிப்பு அரிது.

பிற மாநிலங்களில் வாழ்வோர்க்கு இதில் தனிப்பட்ட பங்கு ஒன்று உண்டு. தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் நம்மவர் அமைத்த சங்கங்கள் ஆண்டு மலர்களையும் விழா மலர்களையும் வெளியிட்டு வந்திருக்கின்றன. அவ்வூருக்குத் தமிழர் எப்போது வந்தனர், எத்தொழிலில் அமர்ந்தனர், பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க என்ன செய்தனர் என்னும் செய்திகளை வேறெங்கும் தேடிக் காண்பது கடினம். அம்மலர்களுட் பல நிலைப்பேழையில் ஒற்றைப் பிரதியாகச் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. கைப்பேசியில் படம் பிடித்து நண்பர்களுக்குள் சுற்றுக்கு விடுவதால் அவை காக்கப்பெற்றன என்று கொள்வதற்கில்லை. வெளியார் எவரும் அங்கே தேட இயலாது.

ஆனால் மலரை வெளியிட்ட சங்கம் இசைந்துவிட்டால் போதும் என்று எண்ணலாகாது. நம் நாட்டுச் சட்டப்படி, எழுதியவர் உரிமையை எழுத்து மூலம் மாற்றித் தராதிருந்தால், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரையில் அது அவருடைய வாரிசுகளைச் சேரும். 1948இல் காலமான புதுமைப்பித்தனின் கதைகளுக்கு அக்கெடு 2008உடன் முடிந்தது. எழுதியவர் இன்னாரென்று அறியப்படாத கட்டுரைக்கோ, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கிடுவர். ஆகவே 1970களில் எழுதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் இசைவு பெறுவது எளிது. பிள்ளைகள் நான்கு நாடுகளுக்குச் சிதறிய பின்னர் எளிதன்று. இசைவுக் கடிதத்தில் கட்டுரையின் தலைப்பு, மலரின் பெயர், வெளிவந்த ஆண்டு, எந்த உரிமத்தின்கீழ் வெளியிடலாம் என்னும் விவரம் ஆகியவை தெளிவாக எழுதப்பெற்று, உரிமையாளரின் கையொப்பமும் தேதியும் இருத்தல் வேண்டும்.