உங்களுக்குத் தெரியுமா? வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையல்ல!

● அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்ற விதி, இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்டது. 1999-இல் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது.

● சட்டம் மாறியும் பயம் போகவில்லை. பெண் பார்க்க வரும் நாளில் மாத்திரை அட்டையைப் பீரோவில் புடவைக்கடியில் ஒளித்து வைக்கும் நிலை இன்னும் இருக்கிறது. புகுந்த வீட்டுக்குத் தெரியாமலிருக்க மாத்திரையை நிறுத்தினால், வலிப்பு திரும்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

● உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. முறையான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி ஒதுங்குவதால் தனிமையும் மனச்சோர்வும் பலரை வாட்டுகின்றன.

● வலிப்பு வந்தவர் கையில் சாவி, இரும்பு திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தெளிந்து எழுந்ததும் எப்போதும்போல் பழகுங்கள்.