பழைய வேட்டைத் துப்பாக்கிக்குக் குறிக்கண்ணாடி பொருத்துதல்

தகப்பனாரோ பாட்டனாரோ வைத்துச் சென்ற வேட்டைத் துப்பாக்கி ஒன்று, முறையான லைசென்ஸுடன், இன்றும் சில கிராம வீடுகளில் இருந்து வருகிறது. உடையவருக்கு வயது நாற்பதைக் கடந்தபின் அதன் இரும்புக் குறி கண்ணுக்கு மங்கித் தோன்றுகிறது. அப்பொழுது, ‘இதைக் கழற்றிவிட்டு டெலஸ்கோப் ஒன்றைப் பொருத்திக்கொண்டால் என்ன?’ என்ற எண்ணம் உதிப்பது இயல்பே. அவ்வெண்ணத்துடன் பட்டணம் சென்று, கடைக்காரர் காட்டும் கண்ணாடிக்குப் பணத்தைக் கொடுத்துவிடுமுன், அக்கருவி செய்வது யாது, செய்யாதது யாது என்று அறிந்துகொள்ளுதல் நலம். செலவழித்த பணத்தை மறுபடியும் சம்பாதிக்கலாம். துளையிட்ட எஃகைத் துளையற்றதாக ஆக்க முடியாது. தவறிச் சென்ற குண்டைத் திரும்ப அழைக்கவும் முடியாது.

முற்காலத்துத் துப்பாக்கிகள்

சென்னை இராஜதானிக் காலத்தில் வேட்டைப் பிரியர்கள் நாடிச் சென்ற இடம், திருவல்லிக்கேணியை ஒட்டிச் செல்லும் மவுண்டு ரோடாகும். இன்று அது அண்ணா சாலை எனப்படுகிறது. கடிகாரத்திற்கும் நகைகளுக்கும் பேர்பெற்ற பி. ஆர் அண்டு ஸன்ஸ் கம்பெனியாரின் பெயர் பொறித்த சீமைத் துப்பாக்கிகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. அக்காலத்து வேட்டைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இரும்புக் குறிக்காகவே செய்யப்பட்டவை. சம்பாவத் என்னுமிடத்து ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907ஆம் ஆண்டில் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக அளிக்கப்பட்ட .275 ரிக்பி ரைபிளும், சேலம், தருமபுரிக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்ஸனின் .405 வின்செஸ்டரும் இரும்புக் குறி கொண்டவையே. புதர்க்காட்டில் மிருகம் சில கஜ தூரத்தில் எதிர்ப்படும். அங்கே தொலைவைக் காட்டும் கருவிக்கு வேலை இல்லை.

இரும்புக் குறியின் குணமும் குறையும்

இரும்புக் குறியில் பின்குறியின் பள்ளம், முன்குறியின் மணி, இலக்கு ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு தூரங்களில் இருக்கின்றன. மனிதக் கண் ஒரே சமயத்தில் ஒரு தூரத்தை மட்டுமே தெளிவாகக் காணும். இளம் வயதில் கண் இவற்றினிடையே விரைவாக மாறி மாறிப் பார்த்துச் சமாளிக்கிறது. வயது ஏற ஏறக் கண்ணினுள் இருக்கும் வில்லை இறுகுவதால், அருகிலுள்ள பின்குறி முதலில் மங்குகிறது. ஆகையால், ‘துப்பாக்கி பழுதாயிற்று’ என்று பலர் சொல்வது உண்மையில் கண்ணின் மாறுதலே.

குறிக்கண்ணாடியோ, தூரத்திலுள்ள இலக்கின் பிம்பத்தையும் குறுக்குக் கோடுகளையும் ஒரே தளத்தில் கண்ணுக்குக் காட்டுகிறது. பார்க்க வேண்டியது ஒன்றே ஆகிவிடுகிறது. இதுவே அதன் மெய்யான நன்மை. பெரிதாகக் காட்டுதல் இரண்டாவது நன்மைதான்.

ஆனால் இலக்கைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி, கையின் நடுக்கத்தையும் பெரிதாகக் காட்டும். பார்வையின் அகலம் குறையும். இலக்கின் பக்கத்தில் நிற்கும் மாடோ மனிதரோ அதில் தென்படாமற் போகலாம். தூரத்தில் அசைவது யாதென்று அறிவதற்குத் துப்பாக்கிமேல் உள்ள கண்ணாடியை ஒருபொழுதும் உபயோகிக்கலாகாது. கண்ணாடி திரும்பும் திக்கிலெல்லாம் குழலும் திரும்பும் என்பதை மறக்க வேண்டாம். அதற்குக் கைத் தொலைநோக்கி வேறாக உண்டு.

எவ்வகைத் துப்பாக்கிக்குப் பொருந்தும்?

நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது வங்காளத்திலுள்ள இச்சாப்பூர் சர்க்கார் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .315 ரைபிள். இராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்களுக்கு விலக்கப்பட்டதால், லீ-என்பீல்டு அமைப்பிலேயே வேறு தோட்டாவுக்கென இது செய்யப்பட்டது. இவ்வமைப்பில் போல்ட்டின் கைப்பிடி தாழ்ந்து நிற்பதால், மேலே பொருத்தும் கண்ணாடியில் அது இடிப்பதில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில், பிரிட்டிஷ் சேனைக்காக லண்டன் ஹாலண்டு அண்டு ஹாலண்டு கம்பெனியார் நான்காம் நம்பர் லீ-என்பீல்டு ரைபிள்களுக்குக் குறிக்கண்ணாடி பொருத்திய விதம் கவனிக்கத்தக்கது. இடப்பக்கத்தில் இரண்டு எஃகுத் திண்டுகளை உறுதியாகப் பதித்து, அவற்றின்மேல் தாங்கியை இரண்டு பெரிய திருகுகளால் பிடிக்கச் செய்தனர். ஒவ்வொரு கண்ணாடிக்கும் அதற்குரிய ரைபிள் இன்னதென்று குறிக்கப்பட்டது. ஒன்றின் கண்ணாடியை மற்றொன்றில் மாட்டுவது முறையன்று. இத்தனை ஏற்பாட்டுக்கும் அக்கண்ணாடி பெரிதாகக் காட்டியது சுமார் மூன்று மடங்கே. மடங்கைவிட உறுதியே முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

மௌஸர் அமைப்புள்ள பழைய ரைபிள்களில், போல்ட்டைத் திறக்கும்போது கைப்பிடி மேலெழும்பிக் கண்ணாடியில் முட்டும். மேலே நிமிரும் காப்புத் தாழும் தடைப்படும். இரண்டையும் மாற்றியாக வேண்டும். ஆண்டர்ஸன் வைத்திருந்த 1895ஆம் வருஷ மாதிரி வின்செஸ்டரில் வெற்றுத் தோட்டா மேல்வழியே வெளியேறுவதால், நேர் மேலே கண்ணாடிக்கு இடமே இல்லை. இரட்டைக் குழல் ரைபிளில் இரு குழல்களும் இரும்புக் குறிக்கு இணக்கிச் சேர்க்கப்பட்டவை. இவ்விரண்டு வகைகளையும் மாற்றாதிருத்தலே உத்தமம்.

துளையிடுமுன் யோசிக்க வேண்டியவை

முதலாவது, துளையிடாமலே காரியம் முடியுமா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கு அருகில் சிறு துவாரமுள்ள வட்டக் குறியைப் பொருத்தினால், கண் தானாகவே துவாரத்தின் நடுவை நாடும்; பின்குறியைத் தெளிவாகக் காண வேண்டிய அவசியமே இராது. லீ-என்பீல்டுக்கென இத்தகைய குறிகளைப் பார்க்கர்-ஹேல் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் செய்தனர். கண் மங்கியவர்களில் பலருக்கு இதுவே போதும். கனமும் செலவும் குறைவு.

இரண்டாவது, கட்டையின் உயரம். இரும்புக் குறிக்குச் செய்த கட்டை தாழ்ந்திருக்கும். கண்ணாடி உயரத்தில் அமர்வதால், கன்னம் கட்டையில் படியாமல் அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு முறையும் கண் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். மேற்சொன்ன இராணுவ ரைபிள்களில் கன்னம் பதிய மரத்துண்டு ஒன்றைத் திருகிச் சேர்த்ததன் காரணம் இதுவே. அவ்வாறே கண்ணுக்கும் கண்ணாடியின் பின்விளிம்புக்கும் இடையே சுமார் மூன்று அங்குலம் இருத்தல் வேண்டும். நெருங்கி வைத்தால் துப்பாக்கியின் பின்னுதையில் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும்.

மூன்றாவது, பழைய இரும்புக் குறியை எறிந்துவிடலாகாது. கண்ணாடி உடைந்தாலும் மனம் மாறினாலும் அது மீண்டும் வேண்டியிருக்கும். அபூர்வமான பழைய துப்பாக்கியில் துளையிட்டால் அதன் மதிப்பும் குறையும்.

பொருத்துதல்

இவ்வேலை உள்ளூர்க் கொல்லரிடமோ சைக்கிள் கடையிலோ செய்யத்தக்கதன்று. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைச் செய்யவும் செப்பனிடவும் லைசென்ஸ் பெற்றவரே அதில் கை வைக்கலாம். லைசென்ஸ் வழங்கிய அதிகாரியிடமும் முன்கூட்டி எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளுதல் நலம். துளை கோணலாயின் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்ய முடியாத நிலை வரும். திருகாணி நீண்டு உள்ளே புகுந்தால் போல்ட்டின் ஓட்டம் தடைப்படும். திருகாணிகளின் எண்ணெயைத் துடைத்துவிட்டே இறுக்க வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள திருகாணி சில வெடிகளில் தளர்ந்துவிடும். குறுக்குக் கோடு செங்குத்தாக நிற்கிறதா என்பதை அறிய, கொத்தர் வைத்திருக்கும் தூக்குக்குண்டின் நூலைத் தூரத்தில் தொங்கவிட்டு, துப்பாக்கியைச் சாயாமல் அமர்த்தி, அந்நூலுடன் கோட்டை ஒத்துப் பார்த்தால் போதும்.

இலக்கில் சோதித்தல்

பொருத்தி முடிந்தவுடன் துப்பாக்கி சரியாகிவிட்டதென்று நம்புவது பெரும் பிழை. அனுமதி பெற்ற சுடும் மைதானத்தில் 25 கஜ தூரத்தில் காகித இலக்கை வைக்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இல்லையென்று நிச்சயித்து, போல்ட்டைக் கழற்றி, மணல் மூட்டைமேல் அசையாமல் அமர்த்திக் குழலின் வழியே பார்க்க வேண்டும். குழலின் நடுவில் இலக்கு தெரியும்போது, குறுக்குக் கோடுகளும் அதே இலக்கில் படியுமாறு திருப்பிக்கொள்ள வேண்டும். பிறகு மூன்று தோட்டாக்களைச் சுட்டு, மூன்று துளைகளின் நடுவை அளக்க வேண்டும். ஒரு குண்டை மட்டும் பார்த்துத் திருப்புதல் வீண்.

சாதாரணமான கண்ணாடிகளில் ஒரு சொடுக்கு 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும்; 25 கஜத்தில் அது பதினாறில் ஒரு பங்கு அங்குலமே. எனவே, 25 கஜத்தில் குண்டுகள் 2 அங்குலம் தாழ்ந்தும் 1 அங்குலம் இடப்புறமாகவும் பட்டால், மேல்நோக்கி 32 சொடுக்கும் வலப்புறமாக 16 சொடுக்கும் திருப்ப வேண்டும். அதன்பின் 100 கஜத்தில் மறுபடியும் சோதிக்க வேண்டும். கண்ணாடி குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருப்பதால், கிட்டத்தில் ஒத்தது எட்டத்தில் அப்படியே ஒத்திராது. தோட்டாவின் வகை மாறினாலும், துப்பாக்கி கீழே விழுந்தாலும், சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

எதற்காக என்பதை மறவாமை

1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின், வேட்டைத் துப்பாக்கி என்ற பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. பொழுதுபோக்காக வேட்டையாடுதல் குற்றம். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியையும் தம் இஷ்டப்படி சுடலாகாது. 2025ஆம் ஆண்டில் தமிழக அரசு செய்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பும் வனத்துறையாரையே சேர்ந்தது. ஆகவே, குறிக்கண்ணாடி இன்று உதவுவது மைதானத்தில் குறி பயில்வோருக்கே.

திருவல்லிக்கேணியில் 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கிய நாள் முதலாக, நம் சங்கங்கள் போற்றி வரும் வழக்கம் ஒன்றுண்டு. தராசு எவ்வளவு புதியதாயினும், முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துச் சோதித்த பின்னரே அதை நம்புவது. குறிக்கண்ணாடிக்கு எடைக்கல் காகித இலக்கே. அதில் மூன்று துளைகள் ஓரிடத்தில் விழும்வரை, புதுக் கண்ணாடி பூண்ட பழைய துப்பாக்கி சோதிக்கப்படாத தராசே ஆகும்.