பாறையைச் சுவாசிக்கும் பாக்டீரியா

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒனைடா என்றொரு ஏரி. அதன் அடியில் படிந்த மாங்கனீசு ஆக்சைடு, வெறும் வேதிவினையால் கரையக்கூடியதைவிட மிக வேகமாகக் கரைந்து நீரில் கலந்துகொண்டிருந்தது. காரணம் தேடிய கென்னத் நீல்சனும் சார்லஸ் மையர்ஸும் ஏரிச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1988-இல் அறிவித்தார்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அது மாங்கனீசு ஆக்சைடைக் கொண்டே சுவாசித்தது. 1999-இல் அதற்கு ஷெவனெல்லா ஒனைடென்சிஸ் என்று பெயரிட்ட ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த கஸ்தூரி வெங்கடேஸ்வரன்.

சுவாசம் என்றதும் மூக்கும் நுரையீரலும் நினைவுக்கு வரும். அசல் வேலை செல்லுக்குள் நடக்கிறது. உணவு சிதையும்போது விடுபடும் எலக்ட்ரான்கள் புரதத்துக்குப் புரதம் கைமாறுகின்றன. அதில் கிடைக்கும் ஆற்றலில்தான் உயிர் ஓடுகிறது. கடைசியில் அவற்றை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். நமக்கு அந்த ஆள் ஆக்சிஜன். வாங்க ஆளில்லை என்றால் எல்லாம் நின்றுவிடும்.

ஆக்சிஜன் வாயு என்பதால் செல்லுக்குள் தானே நுழைந்துவிடும். தாதுத் துகள் எப்படி நுழையும்? ஆகவே ஷெவனெல்லா எலக்ட்ரானை வெளியே கொண்டுபோய்க் கொடுக்கிறது. செல்லின் வெளிச்சவ்வோ மின்சாரம் கடத்தாதது. அதைத் துளைத்து ஒரு குழாய்ப் புரதம் நிற்கிறது; அதன் உட்பக்கம் ஒரு புரதம், வெளிப்பக்கம் ஒரு புரதம். இரண்டிலும் பத்துப் பத்து ஹீம்கள். நம் ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற அதே இரும்புச் சேர்மம்தான் ஹீம். அவை அத்தனை நெருக்கமாக அமைந்திருப்பதால் எலக்ட்ரான் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவியே வெளியேறிவிடுகிறது. இந்தப் பாக்டீரியாவைத் திரட்டிப் பார்த்தால் அதுவும் செந்நிறமாகத்தான் இருக்கும். எட்டாத தாதுவுக்கு ரிபோஃபிளேவின் போன்ற மூலக்கூறுகளைக் கசியவிட்டு அவற்றிடம் கொடுத்தனுப்புவதும் உண்டு. ஆம், மாத்திரையில் வரும் வைட்டமின் பி2-தான்!

பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் டெரிக் லவ்லி கண்டெடுத்த ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா இனத்தார் இன்னும் ஒரு படி மேல். அவர்கள் வெளியே கம்பியே இழுக்கிறார்கள். ஹீம் புரதங்கள் வரிசையாகக் கோத்த இழைகள் அவை என்று 2019-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் காட்டின.

தாதுவுக்குப் பதில் கார்பன் மின்வாயை வைத்தாலும் இவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. அதில் எலக்ட்ரானைக் கொட்டும். நமக்கு மின்னோட்டம் கிடைக்கும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஆற்றடிச் சேற்றில் மின்வாய் புதைத்து ஒரு வானிலை மிதவையை இயக்கி, 2008-இல் முடிவை வெளியிட்டது. கிடைத்தது சில பத்து மில்லிவாட். சாதாரண செல்போன் சார்ஜருக்கே அதைப்போல நூறு மடங்குக்கு மேல் தேவை. சேற்றிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுத்தே நம்பலாம். ஆள் போய் பேட்டரி மாற்ற முடியாத கடலடிக் கருவிகளுக்கு இது போதும்.