தமிழில் எழுதிய நிரலுக்கு மேகத்தில் இடம் உண்டா?

பிடோக் பேருந்துச் சந்திப்பு நிலையத்தில் நிற்கிறீர்கள். அடுத்த பேருந்து எப்போது வரும் என்று கைப்பேசியில் கேட்டால், தமிழில் பதில் வர வேண்டும். அதற்கான சிறு நிரலை நீங்களே எழுதலாம். பேருந்து வருகைத் தகவலை நிலப் போக்குவரத்து ஆணையம் ‘டேட்டாமால்’ தளத்தின் வழியாக நிரலாளர்களுக்கு வழங்குகிறது.

எழுதிய நிரலை எங்கே ஓடவிடுவது? காலை 7 மணிக்குப் பலர் கேட்பார்கள். பின்னிரவு 3 மணிக்கு ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதற்காக 24 மணி நேரமும் ஒரு சர்வருக்கு வாடகை கட்டுவது வீண். இதற்கு விடையாக வந்ததுதான் ‘சர்வர்லெஸ்’ முறை. சர்வர் இல்லாமல் இல்லை. அதைப் பராமரிக்கும் வேலை உங்களுடையது இல்லை, அவ்வளவுதான். கேள்வி வரும்போது நிரல் ஓடும். ஓடிய நேரத்தையும் எடுத்துக்கொண்ட நினைவகத்தையும் பொறுத்தே கட்டணம் முக்கியமாக அமையும்.

இத்தகைய சேவைகளில் பெயர்பெற்றது அமேசானின் ‘லாம்டா’. 2014ல் அறிமுகமானபோது அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் மட்டுமே தெரியும். பைத்தான், ஜாவா போன்றவை பின்னர் சேர்ந்தன. பட்டியலில் இல்லாத மொழியில் எழுதியவர்கள் வெளியே காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற நிரல்மொழியில் கட்டளைச் சொற்களே தமிழில் உள்ளன. திரையில் ஒன்றைக் காட்ட ‘பதிப்பி’ என்று எழுதினால் போதும். அத்தகைய மொழிக்கு மேகத்தில் இடம் உண்டா?

2018 நவம்பரில் கதவு திறந்தது. உங்கள் மொழியை இயக்கும் சூழலை நீங்களே கொண்டுவரலாம் என்று லாம்டா அறிவித்தது. நிபந்தனை எளிது. ‘பூட்ஸ்ட்ராப்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்க வேண்டும். லாம்டா முதலில் அதைத்தான் இயக்கும்.

அந்தக் கோப்பின் வேலையைப் புரிந்துகொள்ள ஓர் உணவங்காடிச் சமையற்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆர்டர் சீட்டை எடுக்கிறார், சமைக்கிறார், அதே எண்ணுடன் தட்டை வைக்கிறார், அடுத்த சீட்டை எடுக்கிறார். பூட்ஸ்ட்ராப்பும் அப்படித்தான். ‘அடுத்த வேலை என்ன?’ என்று லாம்டாவிடம் கேட்கிறது. வேலையும் அதன் அடையாள எண்ணும் வருகின்றன. உங்கள் நிரலை ஓட்டி, விடையை அதே எண்ணுடன் திருப்பி அனுப்புகிறது. தவறு நேர்ந்தால் அதையும் அந்த எண்ணுடன் தெரிவிக்கிறது. பிறகு மீண்டும் முதல் கேள்வி. சமையற்காரர் எந்த மொழியில் யோசிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

எழில் பைத்தானில் எழுதப்பட்டது. ஆகவே லாம்டாவின் பைத்தான் சூழலிலேயே அதை ஒரு நூலகமாக ஏற்றுவது குறுக்குவழி. சொந்தச் சூழல் என்றால் பைத்தானையும் சேர்த்தே மூட்டை கட்ட வேண்டும்.

செய்து பார்க்க விரும்புவோர் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, பூட்ஸ்ட்ராப் கோப்புக்கு இயங்கும் அனுமதி தர மறக்காதீர்கள். மறந்தால் எதுவுமே தொடங்காது.

இரண்டாவது, மொழியைத் தயார்செய்யும் வேலையைச் சுழற்சிக்கு வெளியே ஒரே முறை செய்யுங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் அடுப்பை அணைத்து மூட்டினால் வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, அங்குள்ள கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டும். சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. கணக்கில் கொள்ளாவிட்டால் காலை 7 மணிப் பேருந்து முந்தைய இரவு 11 மணிக்கு வந்துவிடும்!

நான்காவது, தமிழுக்கே உரியது. ‘பேருந்து’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 4 எழுத்துகள். யூனிகோடு கணக்கில் அவை 8 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஆக மொத்தம் 24 பைட். விடையை அனுப்பும்போது அதன் நீளத்தை பைட்டில்தான் சொல்ல வேண்டும். 8 என்று சொல்லிவிட்டால் ‘பே’ மட்டும் முழுதாகப் போய்ச் சேரும், மீதி சிதைந்துவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்பதால், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

சொந்தச் சூழலுக்கு ஒரு விலையும் உண்டு. பட்டியலில் உள்ள மொழிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை லாம்டாவே பார்த்துக்கொள்ளும். நீங்கள் கொண்டுவரும் மொழிக்கு நீங்கள்தான் பொறுப்பு. கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே வந்த மொழியைப் பராமரிக்க ஆள் வேண்டும். பேருந்து நேரத்தைச் சொல்லும் ஒரு சிறு நிரலிலிருந்து அந்தப் பழக்கத்தைத் தொடங்கலாமே!