இரண்டு நாள் வேலைதானே?

இருமலுக்கு மருந்து கொடுத்தால் பிள்ளைக்குச் சிறுநீர் நின்றுபோகுமா, தோழர்களே? 2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் நின்றது. சிறுநீரகம் கெட்டு இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டன.

'கோல்ட்ரிஃப்' என்னும் அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அங்கிருந்து கடிதம் வந்ததும் தமிழ்நாட்டுச் சர்க்கார் எடுத்துச் சோதித்தது. டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு! 0.1-க்கு மேல் இருக்கவே கூடாத நஞ்சு. கண்டுபிடிக்க எத்தனை நாள்? இரண்டே நாள்! அந்த இரண்டு நாள் வேலையைப் பிள்ளைகள் சாகுமுன் செய்ய ஆளில்லையா?

புது நஞ்சும் அல்ல. 1972-இல் இதே சென்னையில் குழந்தைகளைக் கொன்றது. 1986-இல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 பேரைக் கொண்டுபோயிற்று. மருந்துச் சட்டமோ 1940 முதல் இருக்கிறது. மூலப்பொருளைச் சோதித்த பிறகே மருந்தில் சேர்க்க வேண்டும் என்பது விதி. சோதனைக்குக் காசு ஆகுமே, முதலாளிக்கு மனம் வருமா?

அக்டோபரில் லைசென்சை ரத்துச் செய்தார்கள், முதலாளியைப் பிடித்தார்கள், இரண்டு இன்ஸ்பெக்டர்களைச் சஸ்பெண்ட் செய்தார்கள். செய்யட்டும். டில்லியும் சென்னையும் ஒன்றையொன்று கைகாட்டியதையும் பார்த்தோம்.

பஞ்சாலையில் நூல் அறுந்தால் மேஸ்திரி அந்த நிமிஷமே வந்து நிற்கிறார். மருந்து ஆலைக்குள் அதிகாரி எப்போது போனார், எந்தப் பீப்பாயைத் திறந்து பார்த்தார்? அந்தக் கணக்கை ஆலைவாரியாக ஊரறிய வெளியிடட்டும், இரண்டு சர்க்கார்களும்!