வேகம் கூடினால் வெப்பம் கூடும்!



எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஊரில் ஒருவர் கிணற்றில் மோட்டார் ஓட்டுகிறார். அம்மா சீட்டு எடுத்த பணத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கித் தந்தார்கள். அதற்குள் இருந்தது 2014-ல் இன்டெல் வெளியிட்ட பென்டியம் ஜி3258. வேகம் 3.2 கிகா ஹெர்ட்ஸ். அடிப்படைத் துடிப்பு 100 மெகா ஹெர்ட்ஸ், பெருக்கல் எண் 32. இந்தப் பெருக்கல் எண்ணை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் சிறப்பு. 42 என்று வைத்தால் 4.2 கிகா ஹெர்ட்ஸ். காசில்லாமல் வேகம்! இதைத்தான் ஓவர்கிளாக்கிங் என்கிறார்கள்.

இது புதிய வித்தை அல்ல. 1998-ல் வந்த செலரான் 300ஏ பிராசஸரில் பெருக்கல் எண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் போர்டின் துடிப்பை 66-லிருந்து 100 மெகா ஹெர்ட்ஸ் ஆக்கி, 300-ஐ 450 ஆக ஓட்டினார்கள்.

மோட்டாரும் சிப்பும்

மோட்டார் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: லோ வோல்டேஜ் வந்தால் காயில் போய்விடும். லோடு குறையாததால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். அதனால் வோல்டேஜ் கூட இருந்தால் நல்லதுதானே என்று நினைத்துவிட்டேன். அங்கேதான் தப்பு!

பிராசஸரில் வோல்டேஜ் குறைந்தால் எதுவும் எரியாது. டிரான்சிஸ்டர்கள் குறித்த நேரத்துக்குள் மாற முடியாமல் கணக்குத் தப்பாகும். கம்ப்யூட்டர் ஹேங் ஆகும். வோல்டேஜ் கூடினால்தான் ஆபத்து. சிப் வேலை செய்யும்போது செலவாகும் சக்தி வேகத்தைப் பொறுத்தும், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தும் கூடும்.

என் கணக்கையே பாருங்கள். 3.2 கிகா ஹெர்ட்ஸுக்கு 1.08 வோல்ட் இருந்தது. நான் 4.2-க்கு 1.30 வோல்ட் வைத்தேன். வேகம் 1.31 மடங்கு. வோல்டேஜ் 1.20 மடங்கு, அதன் வர்க்கம் 1.45. இரண்டையும் பெருக்கினால் 1.90! அதாவது 31 சதவீத வேகத்துக்கு 90 சதவீதம் கூடுதல் வெப்பம். போதாததற்கு, அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் சிப்புக்குள் இருக்கும் மெல்லிய தாமிரக் கம்பிகளின் அணுக்களே மெல்ல இடம் பெயரும். சிப்பின் ஆயுள் குறையும்.

சித்திரை வெயில்

டிசம்பர் இரவில் பிரைம்95 போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். அறையில் 24 டிகிரி, சிப்பில் 84. பாஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் வந்தது. சிமெண்ட் ஷீட் போட்ட எங்கள் வீட்டில் மதியம் 39 டிகிரி. அறை 15 டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய அதே 15 ஏறும். கோர் டெம்ப் 99 காட்டியது. 100-ஐ நெருங்கினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, கூட்டிய வேகமும் போச்சு! தங்கை பாலிடெக்னிக் சேர்க்கைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பாதியில் நீலத் திரை. அவள் அழுதுவிட்டாள்.

அப்பா திட்டவில்லை. கேபினட் மேல் கை வைத்துப் பார்த்தார். "ராத்திரியில எந்த மோட்டாரும் நல்லாத்தாண்டா ஓடும். சித்திரை வெயில்ல ஓட்டிப் பாத்துட்டுதான் நல்லாருக்குன்னு சொல்லணும்" என்றார். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத பாடம்!

நான் கற்றுக்கொண்ட முறை

1. முதலில் ஃபேனில் தூசி தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பட்டாணி அளவு வையுங்கள்.

2. வோல்டேஜை 'ஆட்டோ'வில் விடாதீர்கள். சில போர்டுகள் தேவைக்கு மேலேயே கொடுத்துவிடும்.

3. வோல்டேஜைத் தொடாமல் பெருக்கல் எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். ஹேங் ஆனால் மட்டும் 0.02 வோல்ட் ஏற்றுங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

4. திரையே வராவிட்டால் பயப்பட வேண்டாம். மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, போர்டில் உள்ள காசு பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் பழைய அளவுக்கே திரும்பும்.

5. கடைசிச் சோதனை வெயில் உச்சியில். 80 டிகிரியைத் தாண்டினால் ஒரு படி இறங்குங்கள்.

இப்போது என் கம்ப்யூட்டர் 3.9 கிகா ஹெர்ட்ஸ், 1.15 வோல்ட். மே மதியத்திலும் 78 டிகிரிதான். 4.2 என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்ள முடியாது, உண்மைதான். ஆனால் அன்று சாயங்காலமே தங்கையின் விண்ணப்பத்தை அதில்தான் அனுப்பி முடித்தோம். இந்த வருடம் அவளும் டிப்ளமோ மாணவி!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை